மயிலாப்பூர் மாட வீதி: பருவச் சந்தைகளும் கலை நிகழ்ச்சிகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 28 வருஷமாகக் குடியிருக்கிறேன். ஆவணி பிறந்துவிட்டால் போன் அடிக்கத் தொடங்கும். தாம்பரத்து அத்தை பெண், பெங்களூருக்குப் போய்விட்ட பழைய தோழி, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், எல்லோருக்கும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மாட வீதின்னா எந்தத் தெரு? எல்லாரும் ஒவ்வொரு இடத்தைச் சொல்றாங்களே?

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி இருக்கும் தெருக்கள்தான் மாட வீதிகள். வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்றுக்கும் அந்தப் பெயரே இருக்கிறது. மேற்கே தெப்பக்குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் ஓடும் ராமகிருஷ்ண மடம் சாலைதான் மேற்கு வீதி. சுவாமி மேற்கு பார்த்து இருக்கிறார், உயரமான ராஜகோபுரமோ கிழக்கில் நிற்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இங்கேதான் திசை குழம்பும். யாராவது போனில் "கோபுரத்துக்கு எதிரே நிக்கிறேன்" என்றால், எந்தக் கோபுரம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தெற்கு மாட வீதி அன்றாடக் காய்கறிக்குப் பேர் போனது. வடக்கு மாட வீதி கொலு பொம்மைக்கும் கோலப் போட்டிக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதை வழியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். எப்போ வரட்டும்?

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, அருகம்புல், காகிதக் குடை. புரட்டாசியில் கொலு பொம்மை. கார்த்திகைக்கு அகல் விளக்கும் பொரியும். மார்கழி முழுக்கக் கோலமாவு, சபாக்களில் கச்சேரி. பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள் கொத்து. தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம். பங்குனியில், அதாவது மார்ச், ஏப்ரல் வாக்கில், பத்து நாள் பெருவிழா.

வாங்க வருவதென்றால் புரட்டாசி. கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்க வேண்டுமென்றால் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். என்னைக் கேட்டால் மார்கழி விடிகாலையைத்தான் சொல்வேன். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் மார்கழி தோறும் இந்த வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு வலம் வந்தவர். அந்த வழக்கம் இன்னும் விட்டுப் போகவில்லை. இருட்டு பிரியும் நேரத்தில் ஜால்ரா சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் ஆட்கள் தெரிவார்கள். ஈரத் தரையில் அப்போதுதான் போட்ட கோலங்களை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்கள். அதைப் பார்க்கவே ஒரு நாள் சீக்கிரம் எழுந்திருக்கலாம்.

உள்ளே போக டிக்கெட் உண்டா? எத்தனை மணிக்குத் திறப்பாங்க?

இது மைதானத்தில் நடக்கும் கண்காட்சி இல்லை, தெரு. டிக்கெட்டும் கிடையாது, கதவும் கிடையாது. காலை பத்து மணிக்கு மேல் தார்ப்பாயை விலக்குவார்கள், இரவு ஒன்பது பத்து வரை வியாபாரம் நடக்கும். மத்தியான வெயிலில் பலர் கடைக்குப் பின்னாலேயே கொஞ்சம் படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் தட்டி எழுப்பி வெறுமனே விலை கேட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காரை எங்கே நிறுத்தறது?

காரை எடுக்காமல் வாருங்கள். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் நடந்தே குளத்தங்கரைக்கு வந்துவிடலாம். பேருந்தில் வருகிறவர்கள் லஸ் கார்னரிலோ குளம் நிறுத்தத்திலோ இறங்கலாம். மெட்ரோ ரயில் பணி தொடங்கியதிலிருந்து லஸ் பக்கத்தில் பேருந்துகள் போகும் பாதை அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். பொம்மை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆட்டோ பிடிப்பது நல்லது, ரயில் நெரிசலில் தசாவதாரத்துக்குப் பத்து அவதாரமும் முழுசாக வீடு வந்து சேராது.

கொலு பொம்மை வாங்க எந்த நாள் வந்தா நல்லது?

நவராத்திரிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வடக்கு மாட வீதியில் பொம்மைகள் இறங்க ஆரம்பித்துவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி, புதுச்சேரி என்று பல ஊர்ச் சரக்கு. காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. செட் பொம்மை வேண்டுமென்றால் முதல் வாரமே வாருங்கள், அதிலும் வார நாளில் காலை வேளை. கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் மட்டும் உடைந்துவிட்டால் அந்த செட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் நல்ல செட்டுகள் முதலில் போய்விடும்.

மஹாளய அமாவாசை அன்று பெரும்பாலான வீடுகளில் படி கட்டிவிடுவார்கள். அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் இந்தத் தெருவில் ஆள் நகர முடியாது. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை சேர்த்தால் போதும் என்கிறவர்கள் நவராத்திரி நாலாம் நாள், ஐந்தாம் நாள் வரலாம். விலை தானாகவே இறங்கியிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

களிமண்ணா, காகிதக் கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா? எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

பெயிண்ட் அடித்த பிறகு முன்பக்கம் பார்த்தால் எனக்கும் தெரியாது. பொம்மையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். சுட்ட மண் செம்மண் நிறத்தில் இருக்கும். பிளாஸ்டர் வெள்ளை வெளேரென்று இருக்கும், விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். காகிதக் கூழ் எடையே இருக்காது, கையில் எடுத்த உடனே தெரிந்துவிடும்.

சுட்ட மண் பொம்மையை நகத்தால் லேசாகச் சுண்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். மொண்ணையாகச் சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். வெளியூருக்கு அனுப்புவதானால் காகிதக் கூழ்தான் சரி. வீட்டில் தலைமுறைக்கும் இருக்க வேண்டுமென்றால் மண். எங்கள் வீட்டுச் செட்டியார் பொம்மை என் மாமியாரின் அம்மா வாங்கியது. அவர் முன்னால் சின்னக் கிண்ணங்களில் இன்றைக்கும் நிஜ அரிசி, பருப்புதான் வைக்கிறோம். பழைய பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள்.

பேரம் பேசலாமா? பாதிக்குப் பாதி கேட்கணும்னு சொல்றாங்களே?

பேசலாம். பாதிக்குப் பாதி கேட்பது அநியாயம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, ஏனென்றால் இரவு பதினொரு மணிக்கு இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்தவர்கள் தங்கள் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே நடைபாதையில் படுக்கிறார்கள். போன வருஷம் ஒரு பெரியவர் செல்போன் வெளிச்சத்தில் ஒரு கிருஷ்ணனுக்கு உடைந்த புல்லாங்குழலை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை காயும் வரை இரண்டு விரலால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காய்ந்ததும் ஒட்டிய இடத்தில் ஊசி முனை அளவு தங்கப் பெயிண்ட் வைத்தார். அப்படி ஒரு பொம்மைக்குக் கால் மணி நேரம். ஏற்றி இறக்குவதில் உடைவது அவர் கணக்கு, விற்காததைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வாடகையும் அவர் கணக்கு.

ஆகவே நான் செய்வது இது. விலையை ரொம்ப அடிக்காமல், "இந்தச் சின்ன யானையைச் சேர்த்துக் கொடுங்கண்ணா" என்று கேட்பேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். அருகம்புல் கட்டு, அகல் விளக்கு, எருக்கம்பூ மாலை விற்கிறவர்களிடம் பேரமே வேண்டாம். சில்லறையாகக் கொண்டு போங்கள், அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

பிள்ளையாரை முதல் நாளே வாங்கி வெச்சுக்கலாமா? அன்னிக்குக் காலையில கூட்டத்துல நிக்க முடியலை.

தாராளமாக வாங்கலாம், ஈரத்துணியைப் போர்த்தி நிழலில் வைத்தால் விரிசல் விடாது. ஆனால் ஒரு தடவையாவது அச்சில் பிடித்துத் தருவதை எதிரே நின்று பாருங்கள். பிசைந்த களிமண்ணை அச்சுக்குள் கட்டை விரலால் மூலை முடுக்கெல்லாம் அழுத்தி, மிஞ்சியதை வழித்துவிட்டு, நீங்கள் கொண்டு போன மணையில் கவிழ்த்துத் தட்டுவார்கள். அச்சைத் தூக்கினால் தும்பிக்கை, தொந்தி எல்லாம் ஈர மினுமினுப்போடு வந்திருக்கும். கடைசியில் இரண்டு குன்றிமணி எடுத்துக் கண் வைப்பார்கள். அதுவரை மண்ணாக இருந்தது அந்தக் கணத்தில் நம்மைப் பார்க்கும். வீட்டிலிருந்து மணைப்பலகை எடுத்துப் போகும் பழக்கம் இதற்காகத்தான்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒரு எச்சரிக்கை: குன்றிமணி விதை கடும் நஞ்சு. கரைக்கும் முன் கண்ணை எடுத்து எட்டாத இடத்தில் போட்டுவிடுங்கள். பெயிண்ட் அடிக்காத பிள்ளையார் என்றால் வாளித் தண்ணீரிலேயே கரைந்துவிடும், தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். பிளாஸ்டர் சிலை கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட விதிமுறையில் நீர்நிலையில் கரைக்கும் சிலைக்கு அது கூடாது என்றே சொல்லியிருக்கிறது. கொலு பொம்மை கதை வேறு, அதைக் கரைப்பதில்லை.

மார்கழிக் கச்சேரிக்கு நிறைய செலவாகுமா? எனக்கு ராகமெல்லாம் தெரியாதே?

சாயங்காலம் பெரிய வித்வான்கள் பாடும் கச்சேரிகளுக்குத்தான் டிக்கெட். காலை, மத்தியான வேளைகளில் இளையவர்கள் பாடுவதைப் பல சபாக்களில் இலவசமாகவே கேட்கலாம். கிழக்கு மாட வீதியிலேயே பாரதிய வித்யா பவன் இருக்கிறது. ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் இரண்டும் நடை தூரம்தான். ராகம் தெரியாதவர்கள் மத்தியானக் கச்சேரியில்தான் தொடங்க வேண்டும். கூட்டம் இருக்காது, பிடிக்காவிட்டால் பாட்டு முடிந்ததும் எழுந்து வரலாம். தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவே மட்டும் எழுந்து போகாதீர்கள், மிருதங்கம் வாசிக்கிற பிள்ளைக்கு மனசு நோகும்.

ஏன் டிசம்பரில் என்று சிலர் கேட்பதுண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதோடு சேர்த்து இசை மாநாடு ஒன்று நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் அந்தத் தடத்தில் வளர்ந்ததுதான்.

கோலப் போட்டியில நான் சேரலாமா? ரங்கோலி போட்டா ஒத்துக்குவாங்களா?

ஜனவரித் தொடக்கத்தில் சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவில் நடக்கும் மயிலாப்பூர் திருவிழாவைக் கேட்கிறீர்கள். அதில் கோலப் போட்டி வடக்கு மாட வீதியில்தான். தெருவில் கட்டம் போட்டிருப்பார்கள், ஆளுக்கு ஒரு கட்டம். புள்ளிக் கோலமும் சிக்குக் கோலமும்தான் அங்கே மரபு. வண்ணப் பொடி, அச்சு எல்லாம் வீட்டு வாசலோடு இருக்கட்டும்.

ஆண்களும் பள்ளிப் பையன்களும் போடுகிறார்கள், வெட்கப்பட வேண்டாம். தார் ரோட்டில் புள்ளி நேராக விழுவது கஷ்டம், அதனால் முதல் நாள் மொட்டை மாடியில் போட்டுப் பழகாமல் வாசலில் இறங்கித் தெருவிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் இழை பிசிறாது.

அறுபத்து மூவர் அன்னிக்கு வயசான அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா?

அறுபத்து மூவர் என்பது பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். அன்று மத்தியானத்துக்கு மேல் நாலு வீதியும் மனிதத் தலைகளாகத்தான் இருக்கும். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அன்று வேண்டாம். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி வாகனத்தைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பத்தாம் நாள் திருக்கல்யாணம். ஏழாம் நாள் காலைத் தேரும் நெரிசல்தான், ஆனால் ஒரு திண்ணையோ கடை வாசலோ கிடைத்துவிட்டால் உட்கார்ந்தே பார்க்கலாம்.

நீங்களாக வருவதென்றால் அறுபத்து மூவரைத் தவற விடாதீர்கள். நாயன்மார்கள் பல்லக்குப் பல்லக்காக வருவார்கள், திருவள்ளுவரும் வாசுகியும்கூட வருவார்கள். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை நீர்மோர், பானகம், புளியோதரை கொடுப்பார்கள். பாத்திரம் ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்து வந்தால் தெருவில் தொன்னைக் குப்பை குறையும். சொப்பு சாமான், ஊதல், பலூன் விற்கிறவர்களுக்கு வருஷத்திலேயே பெரிய நாள் இதுதான்.

நாங்க இந்துக்கள் இல்லை. வந்தா யாராவது ஏதாவது சொல்வாங்களா?

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். முன்பே சொன்னபடி இது தெரு. மயிலாப்பூர் என்றால் சாந்தோம் தேவாலயமும் கச்சேரி சாலைப் பள்ளிவாசலும் சேர்ந்ததுதான். கொலுவுக்கு உங்களை யாராவது வீட்டுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், வெறுங்கையோடு போனாலும் சுண்டலோடுதான் திரும்புவீர்கள்.

இதெல்லாம் எத்தனை வருஷமா நடக்குது?

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் விழாக்கள் மாத வாரியாக வருகின்றன: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். முதல் பாட்டிலேயே அடியார்களுக்குச் சோறிடுவது வருகிறது. மேலே சொன்ன புளியோதரையை வாங்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் சம்பந்தர் பாடிய தெரு இதே தெரு என்று சொல்லிவிட முடியாது. பழைய கோயில் கடற்கரையில் இருந்தது. அது அழிந்து, போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகுதான் கோயில் இப்போதுள்ள இடத்தில் எழும்பியது. இடம் மாறியும் மாதக் கணக்கு மாறவில்லை.

நான் வீட்டுல பொம்மை செய்யறேன். வடக்கு மாட வீதியில கடை போடலாமா?

ஒரு நாள் காலையில் வந்து துணி விரித்து உட்கார முடியாது. காலியாகத் தெரியும் ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் உண்டு. சிலருக்கு அப்பா காலத்திலிருந்து அதே இடம். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியில் பதிந்து சான்று வாங்க வேண்டும். அதற்கு முன் அங்கே இருக்கிற வியாபாரிகளிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் பொம்மை பிடித்திருந்தால் அவர்களே வாங்கி விற்கவும் கூடும்.

முதல் வருஷத்துக்கு வேறு வழியும் உண்டு. அண்ணா சாலை பூம்புகார் விற்பனை நிலையத்தில் வருஷா வருஷம் கொலுக் கண்காட்சி நடக்கிறது. சுய உதவிக் குழுவில் இருந்தால் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகக் கண்காட்சியில் இடம் கேட்கலாம்.

நடைபாதையை அடைச்சுக்கிட்டு வியாபாரம் பண்றது மட்டும் சரியா? நாங்க எங்கே நடக்கிறது?

நியாயமான கோபம். தள்ளுவண்டிக் குழந்தையோடும் சக்கர நாற்காலியோடும் கொலு பொம்மைச் சந்தை நடக்கும் வாரங்களில் வடக்கு மாட வீதியில் போவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நடக்க வழி விட்டுக் கடை போட வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

அதற்காக "எல்லாரையும் தூக்கிட்டு வேற எங்கேயாவது போடச் சொல்லுங்க" என்பதை நான் ஏற்க மாட்டேன். சட்டமும் ஏற்காது. மேலே சொன்ன 2014 சட்டத்தில், வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடும் இடத்தை இயல்பான சந்தை என்று வகுத்திருக்கிறார்கள். அப்படி 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதன் அட்டவணை சொல்கிறது. எந்தத் தெருவில் எவ்வளவு இடம் என்று பேசி முடிவெடுக்க நகர விற்பனைக் குழு இருக்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வழி விடுவது பற்றி அங்கே பேசுவதுதான் முறை. குளத்தையும் கோபுரத்தையும் விட்டு விலக்கி ஒரு கான்கிரீட் கூடத்துக்குள் வைத்தால் இந்தச் சந்தைக்கு யார் வருவார்கள்?

மழை பேஞ்சா என்ன பண்ணுவாங்க?

நீலத் தார்ப்பாய்தான். புரட்டாசி மழை சாயங்காலம் திடீரென்று வரும், அப்போது வாங்க வந்தவர்களும் சேர்ந்து நாலு மூலையையும் இழுத்துப் பிடிப்பார்கள். நனைந்த மண் பொம்மையில் சாயம் உரியும். அதனால் மழை விட்டதும் பொம்மை வாங்கினால் பின்பக்கம் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

போன வருஷம் ஒரு அம்மாகிட்ட வாங்கினேன். பேர் தெரியாது, போன் நம்பரும் வாங்கலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். மூடிய ஷட்டர், விளக்குக் கம்பம், மின் பெட்டி, ஏதாவது ஒன்று ஞாபகம் வரும். கடை போடுவது பற்றிய கேள்வியில் சொன்னபடி ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் உண்டு, பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. நான் வழக்கமாக வாங்கும் பண்ருட்டி அம்மா ஒரு பழைய கேட்டுக்கு இடதுபக்கம்தான் உட்காருவார். ஒரு வருஷம் அங்கே வேறு பெண் இருந்தாள். தயங்கி நின்றேன். "அம்மாவுக்கு முட்டி வலி, என்னை அனுப்பிச்சிருக்காங்க" என்றாள். "நீங்க சின்ன யானை கேப்பீங்களே, அந்த அக்காதானே?" என்று கேட்டுவிட்டு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டினாள்.